பெல்ட் கத்துதுன்னு போனா பெல்ட்ட மட்டும் மாத்தி அனுப்பறாங்க, இவர் அப்படி இல்ல (சத்தி ரோடு ஷெட், கோவை)

காலைல காரை ஸ்டார்ட் பண்ணா இஞ்சின் பெல்ட்டுல இருந்து கீச்ச்ச்னு ஒரு சத்தம், தெரு நாயெல்லாம் எந்திரிச்சு குரைக்கும், அந்த அளவுக்கு. முதல்ல போன கடைல (பேர் வேண்டாம்) பெல்ட் மேல ஏதோ ஸ்பிரே அடிச்சு விட்டாங்க, ரெண்டு நாள் கம்முனு இருந்துச்சு, மூணாவது நாள் பழையபடி. திரும்ப போனா புது பெல்ட் போட்டு 1,100 ரூவா வாங்கிட்டாங்க. ஒரே வாரந்தான், மறுபடியும் கீச்சு.

அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லி சத்தி ரோட்டுல இருக்கற இந்த ஷெட்டுக்கு போனேன். போர்டு கூட துருப்பிடிச்சு கிடக்கு, உள்ள ரெண்டு வண்டிக்கு மேல நிக்காது. மெக்கானிக் அண்ணன் பானட்ட தொறந்து, இஞ்சின் ஓடும்போதே பெல்ட்டோட வரிப் பக்கத்துல (நீளவாக்குல கோடு கோடா இருக்குமே, அங்க) பாட்டில்ல இருந்து லேசா தண்ணி தெளிச்சாரு. சத்தம் டக்குனு நின்னு, கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துச்சு. "சத்தம் கூடுச்சுன்னா டைட் பத்தலைங்க தம்பி, இது அடங்குது, அப்ப ஏதோ ஒரு புல்லி நேர்ல இல்ல"ன்னாரு. புல்லின்னா பெல்ட் ஓடற சக்கரம். பெல்ட் சைஸ் தப்போன்னு கேட்டேன், அதையும் காட்டுனாரு. 6பிகேன்னு போட்டிருந்தா ஆறு வரி, அடுத்து வர்ற நம்பர் மில்லிமீட்டர்ல நீளம், அது சரியாத்தான் இருந்துச்சு.

பெல்ட்ட கழட்டிட்டு ஒவ்வொரு புல்லியா என்னையவே கையால சுத்தச் சொன்னாரு பாருங்க, அங்கதான் எனக்கு இத்தன வருஷமா புரியாதது புரிஞ்சுது. கீழ பெருசா இருக்கறது கிராங்க் புல்லி, இஞ்சின் நேரா சுத்தறது இதத்தான், மத்ததெல்லாம் அது இழுத்துத்தான் ஓடுது. ஆல்டர்னேட்டர் புல்லி சின்னது, அதனால கிராங்க் ஒரு சுத்து சுத்துனா அது கிட்டத்தட்ட ரெண்டரை மூணு சுத்து, அதாவது சிக்னல்ல 800 ஆர்பிஎம்ல நின்னாலும் அது ரெண்டாயிரத்துக்கு மேல சுத்தி பேட்டரிய சார்ஜ் பண்ணிட்டு இருக்கும். ஏசி புல்லி எப்பவும் சும்மா சுத்துமாம், சுவிட்ச் போட்டா டக்குனு ஒரு சத்தம் வருமே, அப்பத்தான் கிளட்ச் புடிச்சு கம்ப்ரஸர் ஓடும்.

பெல்ட்ட டைட்டா வெச்சிருக்கற டென்ஷனர் புல்லிய சுத்துனேன், உள்ள மணல் கொட்டுன மாதிரி கரகரன்னுச்சு, அசைச்சா ஆடுச்சு. பேரிங் போய் சாஞ்சிருக்கு, அதுல ஓடுன புது பெல்ட் ஒரு ஓரமா நூல் பிரிஞ்சு நிக்குது. சத்தமே இல்லாம ரொம்ப நேரம் லூசா சுத்துனாலும் நம்பக்கூடாதாம், கிரீஸ் காஞ்சு போயிருக்கும்னாரு.

டென்ஷனர், பெல்ட், கூலி எல்லாம் சேத்து 3,600 ஆச்சு. பழைய ஸ்பேரையும் கைல குடுத்துட்டாரு. நாலு மாசம் ஆச்சு, சத்தமே இல்ல.

குறைன்னா வெயிட்டிங்தான், பத்து மணிக்கு வரச்சொல்லிட்டு பன்னெண்டுக்குத்தான் வண்டியவே தொட்டாரு, உக்கார ஒரு ஸ்டூல் கூட கிடையாது. பில்லும் துண்டு சீட்டுதான். அப்புறம் டைமிங் பெல்ட் (இஞ்சின் வால்வ நேரத்துக்கு தொறந்து மூட வைக்கற பெல்ட்) வேலைக்கு போயிராதீங்க, "லாக் பண்ற டூல் என்கிட்ட இல்ல, பல்லு தள்ளிப் போச்சுன்னா வால்வு போயிரலாம்"னு அவரே வேற இடத்துக்கு அனுப்பிடறாரு.