யூரெயில் பாஸ்: ஜெர்மனியில் முழு டிக்கெட், பிரான்சில் அரை டிக்கெட்

2024 ஜூன் 14 முதல் ஜூலை 14 வரை ஜெர்மனியின் பத்து நகரங்களில் ஐரோப்பிய அணிகள் மோதும் யூரோ கோப்பைக் கால்பந்து. அது முடிந்த பன்னிரண்டாம் நாள் பாரிஸில் ஒலிம்பிக் தொடக்கம். நடுவில் ஜூன் 21 அன்று பிரான்ஸ் முழுக்கத் தெருவுக்குத் தெரு இசைத் திருவிழா, ஜூலை முதல் வாரக் கடைசியில் ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் காளை ஓட்டம். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு இப்படி ஒரு கோடை அடிக்கடி வாய்க்காது. ஒரே சீட்டில் பல ஐரோப்பிய நாடுகளை ரயிலில் சுற்ற உதவும் யூரெயில் பாஸை எடைபோட அந்தக் கோடைதான் சரியான தராசு. கூட்டமில்லாத அக்டோபரில் எந்த பாஸும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

வாங்கும்போதே ஒரு குழப்பம் வரும். ஐரோப்பாவில் வசிப்பவருக்கு இன்டர்ரெயில், மற்றவருக்கு யூரெயில். எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பது கணக்கில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. சென்னையிலிருந்து கிளம்புகிறவர் யூரெயில் வாங்க வேண்டும். பாரிஸில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் இன்டர்ரெயில் வாங்க வேண்டும். இரண்டும் 33 நாடுகளில் செல்லும். ஆனால் இன்டர்ரெயிலை வசிக்கும் நாட்டுக்குள் பயன்படுத்தக் கட்டுப்பாடு உண்டு: வெளியேற ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான். ஜெர்மனியிலேயே குடியிருப்பவர் போட்டி நகரங்களைச் சுற்ற இது உதவவே உதவாது.

இனி காசுக் கணக்கு. ஒரு மாதத்துக்குள் விருப்பப்பட்ட 4 நாள் பயணிக்கும் இரண்டாம் வகுப்பு பாஸ் பெரியவருக்கு 280 யூரோவை ஒட்டி வந்தது. நாளுக்கு 70 யூரோ. 27 வயது வரை உள்ளவருக்கு அதில் கால் பங்கு குறையும். இரண்டு மாதம் முன்பே தேதியும் வண்டியும் முடிவு செய்து சலுகை டிக்கெட் எடுக்கிறவரிடம் இந்த பாஸ் தோற்றுவிடும். மியூனிக்–பெர்லின் போன்ற நீண்ட தடத்திலும் அவர் இதைவிடக் குறைவாகப் போய்விடுவார். சுற்றுலா மட்டும்தான் என்றால் பாஸ் வேண்டாம் என்றே சொல்லலாம்.

கால்பந்து வந்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. யூரோ கோப்பையில் ஆறு பிரிவுகள். மூன்றாம் இடம் பிடித்த அணிகளில் நான்கு அடுத்த சுற்றுக்குப் போகும். அந்த நான்கும் எந்த ஊரில் யாரோடு ஆடும் என்பது கடைசிப் பிரிவு ஆட்டங்கள் முடிந்த ஜூன் 26 இரவுதான் தெரிந்தது. ஜூன் 29-ல் அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. நெதர்லாந்து அணியைப் பின்தொடர்ந்தவரின் பாடு என்ன? ஹாம்பர்க், லைப்சிக், பெர்லின் என்ற முதல் மூன்று ஊர்களும் டிசம்பரிலேயே தெரிந்தவை. ஜூன் 25 அன்று பெர்லினில் ஆஸ்திரியாவிடம் 3-2 என்று தோற்று அணி மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. பிறகு ஜூலை 2 மியூனிக்கில் ருமேனியா, 6-ம் தேதி மறுபடி பெர்லினில் துருக்கி, 10-ம் தேதி டார்ட்மண்டில் இங்கிலாந்து. இந்த மூன்று பயணமும் சில நாள் அவகாசத்தில் முடிவானவை. அந்த நேரத்தில் வழக்கமான சலுகை டிக்கெட் மிஞ்சியிருப்பது அரிது, முழுக் கட்டண டிக்கெட் இந்தத் தூரத்துக்கு 100 யூரோவைத் தாண்டும். நான்காம் நாளை டார்ட்மண்டிலிருந்து ஆம்ஸ்டர்டாம் திரும்ப வைத்துக்கொண்டால் 4 நாள் பாஸ் அளவெடுத்துத் தைத்த சட்டை.

இரண்டாவது லாபம், தாமதத்தில். ஜெர்மன் ரயில் நேரம் தவறாதது என்ற நம்பிக்கையோடு இறங்கிய பலர் அந்த மாதம் அதிர்ந்துபோனார்கள். 2024 ஜூனில் ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்ச பானின் நெடுந்தூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை 53 சதவீதத்தை ஒட்டித்தான்; அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை 'சரியான நேரம்' என்றே கணக்கில் எழுதிக்கொண்டு. போட்டியின் இயக்குநர் பிலிப் லாம்கூட ரயில் தாமதத்தால் டூசல்டார்ஃபில் உக்ரைன்–ஸ்லோவாகியா ஆட்டத்தின் தொடக்கத்தைத் தவறவிட்டார். சலுகை டிக்கெட் ஒரே வண்டியோடு கட்டிப்போடும். 20 நிமிடத்துக்கு மேல் தாமதம் வரும் நிலையில்தான் அந்தக் கட்டு அவிழும். பாஸ்காரர் அடுத்த நடைமேடையில் எது நிற்கிறதோ அதில் ஏறிக்கொள்ளலாம்.

ஏறலாம், உட்கார இடம் கிடைக்குமா என்பது வேறு. ஜெர்மனிக்குள் ஐ.சி.இ. என்ற அதிவேக வண்டியில் இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை. ஆனால் வண்டி அளவுக்கு மீறி நிரம்பினால், முன்பதிவு இல்லாதவர்களைத்தான் முதலில் இறங்கச் சொல்வார்கள். முன்பதிவுக்கு ஐந்து யூரோவை ஒட்டிய தொகைதான். போட்டி நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் கட்டிவிடுங்கள். பை 40, 45 லிட்டருக்குள் இருந்தால் தலைக்கு மேல் தட்டில் அடங்கும். 70 லிட்டர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நிற்பவர்களை ஊரே திட்டும்.

பாஸின் ஒரு நாள் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இரவு 9 மணி ஆட்டம் முடியவே 11 ஆகிவிடும்; கூடுதல் நேரம் வந்தால் சொல்லவே வேண்டாம். 11:40-க்குக் கிளம்பும் நேரடி வண்டி என்றால் விடிய விடியப் போனாலும் ஒரு நாள்தான் கழியும். நள்ளிரவுக்குப் பிறகு வண்டி மாறினால் இரண்டு நாள் போய்விடும். 4 நாள் பாஸில் அது கால் பங்கு. ஒன்பது மணி ஆட்டத்துக்கு அந்த ஊரிலேயே தங்குவதுதான் சிக்கனம்.

பாஸ் இப்போது பெரும்பாலும் ஃபோனில்தான், 'ரெயில் பிளானர்' செயலிக்குள். வாங்கிய 11 மாதத்துக்குள் தொடங்க வேண்டும். ஏறும் முன் அந்த வண்டியைப் பயணப் பட்டியலில் சேர்த்து, பாஸோடு இணைக்கும் பொத்தானைத் தள்ள வேண்டும், அப்போதுதான் கியூ.ஆர். குறி வரும். அதைச் செய்யாமல் உட்கார்ந்தால் பாஸ் கையிலிருந்தும் டிக்கெட் இல்லாதவர்தான். ஆட்ட டிக்கெட்டும் ஃபோனில், விடுதிச் சீட்டும் ஃபோனில். பவர்பேங்க் இல்லாமல் கிளம்பவே கூடாது.

நகருக்குள் எஸ்-பான் என்ற புறநகர் வண்டிகளில் பாஸ் செல்லும், சுரங்க ரயில், டிராம், பேருந்தில் செல்லாது. நான்கு நிறுத்தம் போக ஒரு பயண நாளைச் செலவழிப்பது வீண். போட்டி டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு ஆட்ட நாள் காலை 6 முதல் மறுநாள் மாலை 6 வரை, 36 மணி நேரம் உள்ளூர்ப் போக்குவரத்து இலவசமாகவே கிடைத்தது.

இந்த பாஸுக்கு உண்மையான போட்டியாளர், அந்தக் கோடையில் 49 யூரோவாக இருந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் (2025-ல் 58, 2026-ல் 63 யூரோ). மாதம் முழுக்க, நாடு முழுக்க, வட்டார ரயில், எஸ்-பான், சுரங்க ரயில், டிராம், பேருந்து எல்லாம் அடக்கம், ஐ.சி.இ., ஐ.சி. என்ற நெடுந்தூர வண்டிகள் மட்டும் கிடையாது. பத்துப் போட்டி நகரங்களில் கொலோன், டூசல்டார்ஃப், கெல்சன்கிர்ச்சன், டார்ட்மண்ட் நான்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அந்தப் பகுதியிலேயே முகாமிடுகிறவர் யூரெயில் வாங்கினால் காசைக் கரைக்கிறார். ஆனால் மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு வட்டார வண்டிகளில் போனால் ஒரு பகல் தொலைந்துவிடும். டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதச் சந்தா என்பதை மறக்கக் கூடாது: 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணத்தையும் எடுத்துக்கொள்வார்கள்.

பிரான்ஸ் எல்லையைத் தாண்டியதும் பாஸ் அரை டிக்கெட்டாகச் சுருங்குகிறது. அங்கே அதிவேக வண்டியான டி.ஜி.வி.யில் இருக்கை முன்பதிவு கட்டாயம், உள்நாட்டில் 10 முதல் 20 யூரோ. லண்டன் போகும் யூரோஸ்டாரில் 30-ஐத் தாண்டும், பாஸ்காரருக்கென்று ஒதுக்கும் இடமும் குறைவு. ஸ்பெயின், இத்தாலியின் அதிவேக வண்டிகளிலும் இதே கதைதான். நினைத்த நேரத்தில் ஏறலாம் என்ற ஒரே கவர்ச்சியும் போய்விட்டால் பாஸ் எதற்கு? ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, செக் குடியரசு என்று கிழக்கே திரும்புங்கள். அங்கெல்லாம் பெரும்பாலான பகல் வண்டிகளில் அப்படியே ஏறி உட்காரலாம். ஒலிம்பிக்குக்குப் போயே தீருவேன் என்றவருக்குப் பாரிஸில் ஒரு மெட்ரோ டிக்கெட்டே 2.15 யூரோவிலிருந்து 4 யூரோவாக ஏறியிருந்தது.

கடைசியாக, பை. மைதானத்துக்குள் ஏ4 தாளைவிடப் பெரிய பைக்கு அனுமதியில்லை. முதுகுப்பையோடு வாசலில் போய் நின்று கெஞ்சிப் பயனில்லை. பெரிய நிலையங்களில் லாக்கர் உண்டு, 72 மணி நேரம் வரை வைக்கலாம். பழையவற்றுக்குச் சில்லறை நாணயம் வேண்டும். ஆட்ட நாளில் மதியத்துக்குள் எல்லாம் நிரம்பிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்சன்கிர்ச்சன் போன்ற சிறிய ஊரில் ஆட்டம் என்றால் பையை அக்கம்பக்கத்து ஊர்களான எசனிலோ டூசல்டார்ஃபிலோ பூட்டிவிட்டு வெறுங்கையோடு போவது உத்தமம். ஜூன் 16 அன்று அங்கே செர்பியா–இங்கிலாந்து ஆட்டம் முடிந்து, மைதானத்திலிருந்து நிலையத்துக்குப் போகும் 302 டிராமுக்காக ரசிகர்கள் நெடுநேரம் நெரிசலில் நின்றார்கள். அந்த நெரிசலில் முதுகில் 15 கிலோ இருந்தால் எப்படியிருக்கும்!