மூக்குல சதைன்னு சொல்லி நஸ்யம் (மூக்குல தைலம் விடுற ஆயுர்வேத வைத்தியம்) பண்றவங்ககிட்ட ஏமாந்துட்டேன், நீங்களும் ஏமாறாதீங்க

எனக்கு நாலு வருஷமா மூக்கடைப்பு. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அந்தப் பக்கம் அடைச்சிக்கும், காலைல எந்திரிக்கும்போது தொண்டை காஞ்சு கெடக்கும். மெடிக்கல்ல வாங்குற சொட்டு மருந்த மாசக்கணக்குல போட்டு அதுவே அடைப்ப ஜாஸ்தி ஆக்கிடுச்சு. அந்த நேரத்துலதான் ஃபேஸ்புக்ல "ஆபரேஷன் இல்லாம 7 நாள்ல மூக்குச் சதை கரையும்"னு விளம்பரம் பாத்துட்டு தென்காசி பக்கம் ஒரு இடத்துக்குப் போனேன்.

போனதும் 14,000 ரூபாய கட்டச் சொன்னாங்க, பில் தரல. அங்க இருந்தவரு டார்ச் அடிச்சி லேசா எட்டிப் பாத்துட்டு "ரெண்டு பக்கமும் சதை சார்"னாரு. சாப்ட்டீங்களா, காய்ச்சல் இருக்கா, சுகர் இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல, நான் வயிறு முட்ட சாப்ட்டு நேரா போயிருந்தேன். லேபிளே இல்லாத பாட்டில், என்ன தைலம்னு கேட்டா பரம்பரை மருந்து வெளிய சொல்லக்கூடாதாம். மூணாம் நாள் குச்சில பஞ்சு சுத்தி வெள்ளையா எதையோ தொட்டு உள்ள வச்சி அழுத்துனாங்க, கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது, மண்டை வரைக்கும் எரியுது. அஞ்சாம் நாள் இடுக்கியால கட்டைவிரல் நகம் அளவுக்கு பழுப்பா ஒண்ண இழுத்து எவர்சில்வர் தட்டுல போட்டு "இதான் உங்க சதை"ன்னாரு. நானும் நம்பி போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

ஒரு வாரத்துல மூக்குல ரத்தம், காபி வாசனை கூட தெரியல. பயந்துபோய் இஎன்டி டாக்டர்கிட்ட போனா கேமரா விட்டுப் பாத்துட்டு உங்களுக்கு சதையே கெடையாது, நடுத்தண்டு (ரெண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவுல இருக்குற தடுப்பு) வளைஞ்சிருக்கு, கூட அலர்ஜி வீக்கம், இப்ப ஏதோ அரிக்கிற கார மருந்து பட்டு உள்தோல் வெந்து போயிருக்குன்னாரு. தட்டுல காட்டுனது என் தோலும் காஞ்ச சளியும்தான்.

ஆயுர்வேதத்த நான் குறை சொல்லல, அத நம்பித்தான போனேன். அப்புறம் பிஏஎம்எஸ்னு ஆயுர்வேத டாக்டர் படிப்பு படிச்ச, தெரிஞ்ச டாக்டரம்மாகிட்ட கேட்டேன். நஸ்யம்னா மொதல்ல முகத்துல எண்ணெய் தேச்சி, ஒத்தடமோ ஆவியோ குடுத்து, தலைய கொஞ்சம் தாழ்த்திப் படுக்க வச்சி வெதுவெதுப்பா அளவா சொட்டு விடணுமாம், தொண்டைக்கு வர்றத முழுங்காம துப்பிட்டு வெந்நீர்ல கொப்பளிக்கணுமாம். சாப்ட்ட உடனே, தலைக்கு குளிச்ச உடனே, காய்ச்சல் நேரத்துல எல்லாம் கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா வரைக்கும் இழுத்துட்டுப் போகும்ங்க. மூக்குல விடறதுக்குன்னு கடைல விக்கிற அணு தைலம் பாட்டில்ல கூட என்னென்ன சேர்த்திருக்கு, பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர் எல்லாம் போட்டிருக்கும். நாயுருவி சாம்பல்ல எடுக்குற க்ஷாரம்னு சதைய அரிக்கிற கார மருந்து நெசமாவே இருக்கு, ஆனா படிச்சவங்க சதை மேல மட்டும் படுற மாதிரி வச்சி உடனே புளிப்பால அத முறிச்சிடுவாங்களாம். வளைஞ்ச தண்ட எந்தத் தைலமும் நிமுத்தாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

அதனால மொதல்ல கேமரா வச்சிப் பாத்து உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிக்கோங்க. அப்புறம் ஆயுர்வேதம்தான் வேணும்னா நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நாகர்கோவில் கோட்டாறுல அரசு ஆயுர்வேத காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, அங்க போங்க.

பணத்த திருப்பிக் கேட்டதுக்கு நீங்க பத்தியம் இருக்கலன்னு போன வச்சிட்டாங்க. வாசனை பாதிதான் திரும்பி வந்திருக்கு, மல்லிப்பூ தெரியுது, கேஸ் வாடை தெரியல, வீட்ல என்ன தனியா அடுப்பு பத்த வைக்க விடறதில்ல.