பழைய குளிர்கால டயரும் பொருந்தாத பனிச் சங்கிலியும்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்துள்ள குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஜெர்மனியில் முதல் குளிர்காலத்தை எதிர்கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள், பயன்படுத்திய குளிர்கால டயர்களை வாங்கும்போது ஒவ்வொரு டயரின் இரு பக்கங்களையும் தாங்களே பார்த்துப் படித்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். மியூனிக் புறநகரில் உள்ள ஒரு சிறு டயர் கடையில் 2024 நவம்பரில் எங்களை ஏமாற்றினார்கள். இழந்தது பணம் மட்டுமாக இருந்திருந்தால் இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டேன். இரண்டு குழந்தைகள் பின்னிருக்கையில் இருக்க, மலைச்சாலையில் கார் பின்னோக்கி வழுக்கும் நிலைக்கு அந்த டயர்கள் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தின.

நாங்கள் வாங்கியிருந்த பழைய காருடன் 225/45 ஆர் 17 அளவுள்ள கோடைக்கால டயர்கள் மட்டுமே வந்தன. பனியில் பிடிமானத்துக்காக டயரைச் சுற்றிப் பூட்டும் சங்கிலியை அந்த அளவு டயரில் பூட்டக் கூடாது என்று காரின் கையேடு தெளிவாகச் சொல்கிறது. 205/55 ஆர் 16 அளவில், கண்ணித் தடிமன் 9 மில்லிமீட்டருக்கு மிகாத சங்கிலியை முன்சக்கரங்களில் மட்டும் பூட்டலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. வாகனப் பதிவுச் சான்றில் பெரும்பாலும் ஒரே ஓர் அளவுதான் அச்சாகியிருக்கும் என்பதால், அனுமதிக்கப்பட்ட மற்ற அளவுகளைத் தயாரிப்பாளர் தரும் சிஓசி (COC) என்ற இணக்கச் சான்றில் பார்க்க வேண்டும். அதையும் பார்த்து, 205/55 ஆர் 16, சுமைக் குறியீடு 91 என்று எழுதி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனோம். குறியீடு 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும். நால்வரும் பெட்டிகளுமாகப் பயணம் செய்யும் குடும்பக் காரில் இந்த எண் தேவையான அளவைவிடக் குறையவே கூடாது.

இரும்பு ரிம்முடன் நான்கு டயர்கள் 280 யூரோ, சங்கிலி 60 யூரோ என்று இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். 2021 தயாரிப்பு, பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் புடைப்பு) ஆழம் 7 மில்லிமீட்டர் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தது. கடையில் ஒரு சக்கரத்தை மேசைமேல் வைத்துக் காட்டினார்கள். மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்படிகம் பொறித்த சின்னம் அதில் இருந்தது. தயாரிப்பு எண்ணும் 2021 என்றே காட்டியது. மற்ற மூன்றும் இதே ஜோடிதான் என்று சொல்லிவிட்டு, எங்களை உள்ளே உட்காரச் சொல்லி, பின்புறக் கொட்டகையில் காரை ஏற்றி மாட்டினார்கள். வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. நான்கு டயர்களும் கறுப்புப் பூச்சில் பளபளவென்று நின்றன. எல்லா டயர்களையும் இறக்கிக் காட்ட முடியுமா என்று நான் கேட்டதற்கு, "வெப்ப நாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள், அதனால் பயப்படுகிறீர்கள், இந்த ஊர்ப் பனிக்கு இது தாராளம்" என்று பதில் வந்தது. மேசைமேல் காட்டிய சக்கரம் எங்கள் காரில் ஏறவே இல்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் இப்படிப்பட்ட விற்பனை நடந்ததற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் உறைபனியோ பனிச்சேறோ உள்ள சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டினால் 60 யூரோ அபராதமும் ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டப் புள்ளியும் விழும். அப்படி ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கு 75 யூரோ. எது குளிர்கால டயர் என்பதற்கு முன்பு எம்+எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்துகளே போதுமானவையாக இருந்தன. அந்த எழுத்துகளைப் பொறிக்க எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. மலைச்சின்னம் அப்படியல்ல, பனியில் ஓர் ஒப்பீட்டு டயருடன் சோதித்து, வரையறுத்த அளவு மேம்பட்ட பிடிமானத்தைக் காட்டினால்தான் அதைப் பொறிக்கலாம். 2018 முதல் தயாரான டயர்களுக்கு மலைச்சின்னம் கட்டாயமாக்கப்பட்டது. 2017 இறுதி வரை தயாரான எம்+எஸ் டயர்களுக்கு அளித்திருந்த விலக்கு 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்துவிட்டது. அன்றோடு, மலைச்சின்னம் இல்லாத பழைய இருப்பு முழுவதும் ஜெர்மன் சட்டப்படி குளிர்கால டயர் என்ற தகுதியை இழந்தது. நேர்மையான கடைக்காரர்கள் அதைக் கழித்துக்கட்டினார்கள். எங்களுக்கு விற்றவர்கள், சின்னத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிராத குடும்பங்களின் தலையில் அதைக் கட்டினார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்துக்குப் புறப்பட்டோம். இன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலை ஈரமாக மட்டுமே இருந்ததால் எந்தக் குறையும் தெரியவில்லை. செல்ரைன் பள்ளத்தாக்கு வழியாக, 2,020 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூத்தாய் ஊருக்கு ஏறும் சாலையில் பனி கொட்டத் தொடங்கியது. ஒரு வளைவில் முன்சக்கரங்கள் சுழன்றனவே தவிர கார் நகரவில்லை. பிரேக்கை மிதித்து நிறுத்தியும் பின்பகுதி பள்ளத்தின் பக்கமாக மெல்ல வழுக்கியது. சாலையோரத்தில் குவிந்திருந்த பனியில் பின்சக்கரம் முட்டியதால்தான் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்த சிறிய கார்கள் அதே ஏற்றத்தில், அதே பனியில், சங்கிலி இல்லாமலேயே ஏறிப் போயின.

சங்கிலியைப் பூட்டிவிடலாம் என்று பெட்டியைத் திறந்தோம். வீட்டு முற்றத்தில் ஒருமுறை பூட்டிப் பழக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்காகக் கடையிலேயே திறந்து காட்டச் சொன்னபோது, முத்திரையை உடைத்தால் திருப்பித் தர முடியாது என்று அச்சுறுத்தி அனுப்பியிருந்தார்கள். பெட்டிமேல் 205/55 ஆர் 16 என்று ஒட்டியிருந்த தாள் ஈரத்தில் பிரிந்தபோது, அடியில் 215/65 ஆர் 16 என்ற அச்சு தெரிந்தது. அது எங்கள் டயரைவிட உயரமான டயருக்கு உரிய சங்கிலி. எவ்வளவு இழுத்துப் பூட்டியும் தொளதொளவென்று தொங்கியது. கண்ணிகளும் 12 மில்லிமீட்டர் தடிமன். அதை மாட்டிக்கொண்டு நகர்ந்திருந்தால், சக்கரத்தின் உட்புறத்தில் உள்ள பிரேக் குழாயையும் அதிர்வுதாங்கியையும் அடித்து நொறுக்கியிருக்கும். பிரேக் இல்லாமல் இறக்கத்தில் நிற்பதைவிட ஏற முடியாமல் நிற்பது மேல் என்று முடிவு செய்து, காரை ஓரமாக விட்டுவிட்டுக் குழந்தைகளுடன் பேருந்தில் மேலே போனோம். எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தி, குழந்தைகளை ஏற்றிவிட்ட பிறகே பெட்டிகளை எடுத்து வைத்த அந்த ஓட்டுநருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

சாலை தெளிந்த பிறகு காரை மெதுவாக இறக்கி, இன்ஸ்புருக்கில் ஒரு பணிமனையில் லிஃப்டில் ஏற்றினோம். டயரின் தயாரிப்பு வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக, டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் இறுதியில், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். எங்கள் டயர்கள் நான்கிலும் அந்தப் பக்கத்தைக் காரின் உட்புறமாகத் திருப்பி ரிம்மில் ஏற்றியிருந்தார்கள். முன்டயர்களில் 3616, அதாவது 2016ஆம் ஆண்டின் 36ஆம் வாரம். பின்டயர்களில் 1113. பதினோரு ஆண்டுக்கும் மேற்பட்ட டயர்! மலைச்சின்னம் ஒன்றில்கூட இல்லை. ஆஸ்திரியாவில் எம்+எஸ் எழுத்துகள் இன்னும் ஏற்கப்படுகின்றன; ஆனால் அங்கே குளிர்கால டயரின் பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பின்டயர்கள் மூன்றரைதான் இருந்தன. ஆக, ஓர் இணை டயர்களாவது இரண்டு நாட்டுச் சட்டங்களுக்குமே ஒவ்வாதவை. கறுப்புப் பூச்சைத் துடைத்தபோது பக்கங்களில் மயிரிழை வெடிப்புகள் வெளிப்பட்டன.

பட்டன் ஆழத்தை மட்டும் பார்த்து வாங்குவதில் உள்ள ஆபத்தை அந்தப் பணிமனைக்காரர் பொறுமையாக விளக்கினார். குளிர்கால டயரின் ரப்பர் கலவை, குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. பட்டன்களில் உள்ள நெருக்கமான மெல்லிய கீறல்கள் விரிந்து மடங்கிப் பனியைக் கவ்வுவதற்கு அந்த இளக்கம் வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகிவிடும். இறுகிய பிறகு 6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தாலும் கீறல்கள் அசையா; வெளிப்பார்வைக்குப் புதிது போலிருக்கும் எங்கள் முன்டயர்கள் சுழன்றதற்கு அதுதான் காரணம். நான்கு புதிய டயர்களை அங்கேயே வாங்கினோம். பழைய டயர்களின் எண்களையும் ஆழத்தையும் எழுத்தில் வாங்கி, படமும் எடுத்துக்கொண்டோம்.

மியூனிக் திரும்பிக் கடையில் கேட்டபோது, கடை தந்த ரசீதையே எங்களிடம் காட்டினார்கள். அதில் கடையின் பெயர் இல்லை. ஒரு தனிநபரின் பெயரும், "தனியார் விற்பனை, பொறுப்பு கிடையாது" என்ற வரியும் மட்டும் இருந்தன. பணம் கட்டிய பிறகு உறையில் போட்டுக் கொடுத்த தாள் அது. இதைக் கேட்டுப் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், விட வேண்டியதில்லை. பவேரிய நுகர்வோர் ஆலோசனை மையத்தில் எங்களுக்குச் சொன்னது இது: தொழிலாக விற்பவர், ரசீதில் தனியார் என்று எழுதிவிடுவதால் மட்டும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பயன்படுத்திய பொருளுக்குப் பொறுப்புக் காலத்தை வணிகர் ஓர் ஆண்டாகக் குறைக்கலாமே தவிர, அடியோடு நீக்க முடியாது. 2022 முதல், வாங்கிய ஓராண்டுக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிறுவ வேண்டியது விற்றவர். விளம்பரத்தின் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) நாங்கள் சேமித்து வைத்திருந்தோம். அவற்றையும் பணிமனையின் குறிப்பையும் இணைத்து, கெடு குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகு 280 யூரோ கணக்குக்குத் திரும்பி வந்தது. சங்கிலியின் 60 யூரோ இன்னும் வரவில்லை; அதற்கான இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.

என் கருத்தில், குழந்தைகளுடன் மலைப்பகுதிக்குச் செல்லும் குடும்பம் பயன்படுத்திய குளிர்கால டயரைத் தவிர்ப்பதே நல்லது. சமவெளியில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு மலைச்சின்னம் உள்ள அனைத்துப் பருவ டயரும் சட்டப்படி செல்லும். புதிய டயராக இருந்தால், 2021 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய டயர் தரச் சீட்டில் ஈரப் பிடிமானத்தின் தரத்தையும் பனிக்குரிய குறியையும் பார்க்கலாம். பழையதுதான் வாங்க வேண்டும் என்றால், பகலில் போங்கள். மாட்டுவதற்கு முன் நான்கையும் தரையில் கிடத்தி இரு பக்கமும் படியுங்கள். மாட்டும்போது அருகிலேயே நில்லுங்கள். 2 யூரோ நாணயத்தின் வெள்ளி விளிம்பு 4 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதைப் பள்ளத்தில் நிறுத்தினால் விளிம்பு முழுவதும் மறைய வேண்டும். சங்கிலியைத் திறந்து பூட்டிக் காட்ட மறுக்கும் கடையில் சங்கிலி வாங்க வேண்டாம். கடையின் பெயரும் முகவரியும் உள்ள ரசீது கைக்கு வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

கடந்த ஓரிரு ஆண்டுகளில் இப்படி ரிம்முடன் சேர்த்துப் பழைய டயர் வாங்கியவர்கள், வெளிப்பக்கத்தில் நான்கு இலக்க எண் தெரியவில்லை என்றால், ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி முன்டயர்களின் உட்பக்கத்தைக் கைபேசி விளக்கில் பார்க்கலாம். பின்டயர்களைப் பார்க்கக் காரை லிஃப்டில் ஏற்ற வேண்டியிருக்கும். முதல் பனி விழுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.