டி ஆன்சாவுக்குப் பிறகு: யூசி டேவிஸா, சான் ஹோசே ஸ்டேட்டா?

கூப்பர்ட்டினோவின் டி ஆன்சா கல்லூரியில் இரண்டு வருடம் முடித்து, கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு ட்ரான்ஸ்ஃபர் போட்ட பிள்ளையிடம் ஏப்ரல் கடைசியில் இரண்டு அனுமதிக் கடிதங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று யூசி டேவிஸ் (யூசி என்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), இன்னொன்று சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகம், சுருக்கமாக ஸ்டேட். "எது ரேங்கில் மேலே?" என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. யூசி என்றால் உசத்தி, ஸ்டேட் என்றால் ஒரு படி கம்மி என்று நம்மவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. முதல் வருடமே சேருகிறவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். பாதி வழியில் ஏறுகிறவர் பார்க்க வேண்டியது வேறு: டிகிரி வாங்க இன்னும் எத்தனை பருவம் பாக்கி?

அதைத் தெரிந்துகொள்ள அசிஸ்ட் டாட் ஓஆர்ஜி தளம் போதும். கல்வியாண்டு, டி ஆன்சா, போகப்போகும் பல்கலைக்கழகம், மேஜர் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் ஒப்பந்தப் பட்டியல் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான டி ஆன்சா பாடம். பாடம் படித்த வருடத்துக்கான பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு இடத்துக்கும் அச்செடுத்து முடித்ததை அடித்துவிடுங்கள். ஈடான பாடமே இல்லை என்று காட்டும் வரிகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். அவற்றைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் படிக்க முடியும்.

டேவிஸில் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸ் கலை அறிவியல் கல்லூரியில் இருக்கிறது, கம்ப்யூட்டர் சயன்ஸ் அண்ட் எஞ்சினியரிங் பொறியியல் கல்லூரியில் இருக்கிறது. பெயர் ஒன்றுபோலிருந்தாலும் கேட்கும் பாடங்கள் வேறு. பின்னதில் இயற்பியல் சுமையும் கூடுதல். கடிதத்தில் எது என்று பார்த்துக்கொண்டு அதற்குரிய பட்டியலை எடுங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸுக்குக் கணிதத்தில் 21ஏ, 21பி, 21சி (கால்குலஸ்), 22ஏ (லீனியர் அல்ஜீப்ரா). கம்ப்யூட்டரில் ஈசிஎஸ் 20, 36ஏ, 36பி, 36சி, 50 ஆகியவை அடித்தளம். கழுத்தைப் பிடிப்பது 36சி, அதாவது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். அதுவும் 20ம் முடியாமல் அல்காரிதம் பாடமான 122ஏ-வைத் தொட முடியாது.

சான் ஹோசே ஸ்டேட்டில் கழுத்துப்பிடி சிஎஸ் 146, அதாவது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் அல்காரிதமும். அதற்கு முன் 46பி (டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் அறிமுகம்), கால்குலஸ், கணிதம் 42 (டிஸ்க்ரீட் கணிதம்) எல்லாம் வேண்டும். ஜாவாவும் தெரிந்திருக்க வேண்டும். டி ஆன்சாவில் சி++ வழியாகவே வந்தவர்களுக்கு இங்கேதான் இடறும். ஜாவாவுக்கென்று 49ஜே என்ற பாடத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டிவரும். அதற்கப்புறம் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் பாடமான 160. அதற்கு 146, 151, எழுத்துப் பயிற்சியான 100டபிள்யூ மூன்றும் முடிந்திருக்க வேண்டும். மூன்றையும் முதல் செமஸ்டரிலேயே எடுத்தவர் இரண்டாவதில் 160-க்கு வருவார். 46பி இல்லாமல் சேருகிறவருக்கு வரிசை முழுக்க ஒரு செமஸ்டர் பின்னால் நகரும்.

பருவக் கணக்கிலும் சூட்சுமம் உண்டு. டி ஆன்சாவும் டேவிஸும் க்வார்ட்டர் முறை, ஸ்டேட் செமஸ்டர் முறை. 90 க்வார்ட்டர் யூனிட் ஸ்டேட்டுக்குப் போனால் 60 செமஸ்டர் யூனிட் ஆகும். 5 யூனிட் பாடம் 3.33 ஆகும். யூனிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. உடைவது தொடர் பாடங்கள்தான். மூன்று க்வார்ட்டர் கால்குலஸ் இரண்டு செமஸ்டருக்குச் சமம் என்றால், இரண்டு க்வார்ட்டரோடு நிறுத்தியவர் இரண்டாவது செமஸ்டர் பாடத்தின் நடுவில் தொங்குவார். தொடரைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு பாடம் தவறினால் க்வார்ட்டரில் பத்து வாரம் போகும், செமஸ்டரில் பதினைந்து. ஆனால் அந்தப் பாடத்தை அடுத்த க்வார்ட்டரிலேயே நடத்துகிறார்களா என்று பார்க்காமல் பத்து வாரம் என்று நம்ப வேண்டாம்.

க்வார்ட்டரின் வேகம் டி ஆன்சா பிள்ளைகளுக்குப் பழக்கம்தான். இருந்தாலும் டேவிஸில் மூன்று மேல்நிலைப் பாடங்களை ஒன்றாக எடுத்தால் நான்காவது வாரமே இடைத்தேர்வு வந்து நிற்கும். பல பாடங்களை விட்டு விலகும் கெடு பத்தாவது வகுப்பு நாளோடு முடிந்துவிடும். இரண்டாவது வாரத்துக்குள் முடிவு எடுத்தாக வேண்டும்.

இன்டர்ன்ஷிப்பில் ட்ரான்ஸ்ஃபர் பிள்ளைகளுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கோடைதான். அதற்கான ஆளெடுப்பு போய்ச் சேர்ந்த முதல் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். ரெஸ்யூமே ஆகஸ்டில் தயாராக இருக்கட்டும். செமஸ்டர் மே மாதம் முடியும், டேவிஸ் ஜூன் நடுவில் முடியும். மே கடைசியில் வேலையைத் தொடங்கச் சொல்லும் நிறுவனத்திடம் டேவிஸ் மாணவர் தேதி தள்ளிக் கேட்க வேண்டிவரும். சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனங்களுக்குப் படிக்கும்போதே பகுதி நேரமாகப் போக நினைக்கிறவருக்கு ஸ்டேட்தான் வசதி.

பணத்துக்கு வருவோம். 2025-26ல் ஸ்டேட்டின் வருடக் கல்விக் கட்டணம் 6,450 டாலர், வளாகக் கட்டணம் தனி. யூசியில் கலிஃபோர்னியாவாசிக்கு 15,000 டாலருக்குச் சற்றுக் கீழே, வளாகக் கட்டணம் அங்கேயும் தனி. யூசி கட்டணம் சேர்ந்த வருடத்தின் அளவிலேயே ஆறு வருடம் வரை நிற்கும். ஸ்டேட் கட்டணம் 2028-29 வரை வருடா வருடம் 6 சதவீதம் ஏறும். ஏறினாலும் கீழேதான் இருக்கும். பெரிய வித்தியாசம் வாடகையில் வருகிறது. கூப்பர்ட்டினோ, சன்னிவேல் வீட்டிலிருந்தே சான் ஹோசேக்குப் போய் வரலாம். டேவிஸ் சுமார் நூறு மைல், அறை எடுத்தே ஆக வேண்டும். ஊர் சமதரை, சைக்கிள் போதும், கார் செலவு மிச்சம். அந்த மிச்சத்தை வாடகை விழுங்கிவிடும்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் பிள்ளைகள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் உள்மாநிலக் கட்டணம் பறிபோகலாம். யூசியில் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் தொகை மட்டுமே வருடம் 30,000 டாலரைத் தாண்டும். இடத்தை ஏற்கும் முன் இரண்டு பல்கலைக்கழகத்தின் வதிவிடப் பிரிவுக்கும் பிறந்த தேதியைச் சொல்லி எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

டேவிஸுக்கான அடித்தளத்தில் ஒன்றுக்கு மேல் பாக்கி இல்லை, வாடகைக்கும் வழி இருக்கிறது என்றால் டேவிஸ். இரண்டு மூன்று பாக்கி என்றாலோ வீட்டிலிருந்து போய்வரும் வசதி முக்கியம் என்றாலோ சான் ஹோசே ஸ்டேட்.

யூசிக்கு ட்ரான்ஸ்ஃபர் மாணவர் பதில் சொல்லும் கடைசி நாள் ஜூன் 1. ஸ்டேட்டின் தேதி கடிதத்திலேயே இருக்கும். பொதுப்பாடச் சான்றை, அதாவது ஐகெட்சியோ கால்-கெட்சியோ, டி ஆன்சா தானாக அனுப்பும் என்று இருந்துவிடாதீர்கள். கடைசி மதிப்பெண் பதிவானதும் விண்ணப்பித்து வாங்கி அனுப்புங்கள். ஸ்டேட்டில் வகுப்பு ஆகஸ்ட் மூன்றாவது வாரமே தொடங்கிவிடும். கோடைப் பாடத்தின் மதிப்பெண் அதற்குள் ஏறாவிட்டால், 46பி படித்து முடித்தவருக்கும் 146-ன் பதிவு திறக்காது.