ஸ்ட்ரான்ஷியம் ரேஷியோ அளக்க டிம்ஸா, மல்டிகலெக்டர் ஐசிபியா?

ஸ்ட்ரான்ஷியம் 87/86 ரேஷியோவ, அதாவது எடை 87 உள்ள ஸ்ட்ரான்ஷியம் அணுவுக்கும் எடை 86 உள்ளதுக்கும் இருக்குற விகிதத்த, அஞ்சாவது தசமம் வரைக்கும் நம்பணும்னா பெரும்பாலும் இந்த ரெண்டு மெஷின்ல ஒண்ணுகிட்டதான் போவாங்க. ரெண்டுமே அயனிகள எடைவாரியா பிரிச்சு அளக்குற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான்; டிம்ஸ் சூடான கம்பில அயனியாக்கும், மல்டிகலெக்டர் ஐசிபி பிளாஸ்மால அயனியாக்கும்.

டிம்ஸ்ல சாம்பிள் ஒரே ஒரு குட்டிச் சொட்டு, அத ரீனியம் கம்பி நடுவுல வெச்சு கரண்ட்ட கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி கம்பி மங்கலா செவக்குற வரைக்கும் காயவைக்கணும், அவசரப்பட்டீங்கன்னா சொட்டு ஓரத்துக்கு ஓடிடும், அப்புறம் சிக்னல் ஆடிக்கிட்டே இருக்கும். வேக்குவம், சூடேத்துறதுன்னு ஒரு சாம்பிளுக்கே மணிக்கணக்கு ஆகும். ஆனா மிச்சம் மீதி ருபீடியம் கம்மி சூட்டுலயே பறந்துடும் பாருங்க, அதனால ருபீடியம் 87 வந்து ஸ்ட்ரான்ஷியம் 87ல கலக்குற தொல்லை கம்மி.

ஐசிபில கரைசல ஆர்கான் பிளாஸ்மாக்குள்ள விட்டா பத்து நிமிஷம் போல, அடுத்த சாம்பிள் போட்டுடலாம். ஆனா இங்க ருபீடியமும் சேர்ந்தே அயனியாகும், போதாததுக்கு ஆர்கான் சிலிண்டரோடயே வர்ற கிரிப்டான் 84லயும் 86லயும் வந்து உக்காந்துக்கும், கிரிப்டானுக்கு 83யும் ருபீடியத்துக்கு 85யும் பாத்து ரெண்டையும் கழிக்கணும். மாஸ் பயாஸும், அதாவது எடை வித்தியாசத்தால மெஷின்லயே ரேஷியோ விலகுறதும், ஒரு மாஸ் யூனிட்டுக்கு ஒண்ணு ரெண்டு சதவீதம் போகும், டிம்ஸ்ல அதுல பத்துல ஒரு பங்குதான். ஸ்ட்ரான்ஷியம் 86/88 ரேஷியோ 0.1194ன்னு வெச்சு இந்த விலகலத் திருத்தினா ரெண்டுலயுமே ஒப்பிட்டுப் பாக்குற என்ஐஎஸ்டி 987 ஸ்டாண்டர்டோட 87/86 0.71025 கிட்ட வந்து நிக்கும்.

காலம் (column) கெமிஸ்ட்ரி, அதாவது ரெசின் நிரப்பின குழாய்ல ஸ்ட்ரான்ஷியத்த மட்டும் பிரிச்சு எடுக்குறது, ரெண்டுக்குமே வேணும், அதுல சோம்பல் பட்டா எந்த மெஷினும் காப்பாத்தாது. நூறு தண்ணி சாம்பிள் இருந்தா நான் ஐசிபிக்குத்தான் போவேன், நானோகிராம் கணக்குல ஒரு துளி பாறைத்தூள்தான் இருக்குன்னா டிம்ஸ். ஸ்ட்ரான்ஷியம் இல்லாம ஹாஃப்னியம்ங்குற தனிமத்த அளக்கணும்னா யோசிக்கவே வேணாம், கம்பில அது லேசுல அயனியாகாது, ஐசிபிதான்.