சம்பள பாக்கிக்குக் காசோலை நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், தரப் பரிசோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். நிறுவனம் நொடிக்கத் தொடங்கியபோது முதலில் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனது. அடுத்த மாதம் பாதி வந்தது. அதன்பின் நான்கு மாதம் ஒன்றுமே வரவில்லை. "பெரிய பில் பாஸாகப் போகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முதலாளி சொல்லும்போதெல்லாம் தலையாட்டினோம். அவருடைய நெருக்கடி பொய்யில்லை. ஆனால் நாங்கள் எதையும் எழுத்தில் கேட்காமல் இருந்ததுதான் எங்களுக்கே வினையாயிற்று.

உண்மையில் எச்சரிக்கை அதற்கும் முன்பே வந்திருந்தது. சம்பளச் சீட்டில் வருங்கால வைப்புநிதிக்கு 1,800 ரூபாய் பிடித்ததாக மாதந்தோறும் அச்சாகியிருந்தது; உமங் என்ற அரசுச் செயலியில் வைப்புநிதிப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தபோதோ, சம்பளம் தாமதமாவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே ஒரு வரவும் இல்லை. பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது வெறும் பாக்கியன்று, குற்றம். உங்கள் பாஸ்புக்கை இன்றே பாருங்கள். வரவு நின்றிருந்தால் வைப்புநிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு இணையதளத்தில் உடனே புகார் பதியுங்கள்.

நான் வேலையை விட்டபோது, "சம்பளம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்திட்டால்தான் பணிவிடுவிப்புக் கடிதம் என்றார்கள். கூடவே பின்தேதியிட்ட காசோலை ஒன்றையும் நீட்டினார்கள். புது வேலைக்குக் கடிதம் தேவைப்பட்டதால் கையெழுத்திட்டேன். காசோலை, போதிய பணமில்லை என்ற வங்கிக் குறிப்போடு திரும்பியது. "அடுத்த வாரம் மறுபடி போடுங்கள்" என்று மேலாளர் வாரக்கணக்கில் இழுத்தடித்தார். குறிப்பு கையில் கிடைத்த 30 நாள்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியிருந்தால், அடுத்த 15 நாள்களில் அவர்கள் பணம் தராத பட்சத்தில், ஒரு மாதத்துக்குள் குற்றவியல் வழக்குத் தொடுத்திருக்கலாம். அந்தக் கெடுவும் போயிற்று; காசோலையின் 3 மாத ஆயுளும் முடிந்தது. அந்த இழுத்தடிப்பு எதற்காக என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது.

இருந்தாலும் வழி முழுவதும் அடைபட்டுவிடவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும், வேலையை விட்டவருக்குரிய பாக்கியை 2 வேலை நாள்களுக்குள்ளும் தர வேண்டும். தராவிட்டால் 3 ஆண்டுகளுக்குள் கோரிக்கை மனு கொடுக்கலாம். மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குவோருக்கு மட்டும் என்று பழைய சட்டத்தில் இருந்த வரம்பு இதில் இல்லை. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால், அதற்கென நியமிக்கப்படும் அதிகாரியிடம் குறித்த கெடுவுக்குள் உங்கள் பாக்கியைப் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் உங்கள் பாக்கி கணக்கில் வராமலே போகலாம்.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மனுவோடு போனபோது, நான் கையெழுத்திட்ட தாளுக்கு மறுமொழியாக என்னிடம் இருந்தது வங்கிக் கணக்கு அறிக்கைதான். அந்த ஐந்து மாதங்களில் அதில் இருப்பது ஒரே ஒரு பாதிச் சம்பள வரவு. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவின் படங்கள், மேலாளரின் வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றையும் இணைத்திருக்கிறேன். அலுவலக மின்னஞ்சலில் இருந்தவற்றை மட்டும் சேர்க்க முடியவில்லை. வேலையை விட்ட அன்றே அதை முடக்கிவிட்டார்கள்.