எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்: எது எதைத் தடுக்கும்?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கடை வைத்திருப்பவர் சொந்த டொமைனில் (@-க்குப் பின் வரும் இணையப் பெயரில்) மின்னஞ்சல் நடத்தினால், இந்த மூன்று பெயர்களும் காதில் விழுந்திருக்கும். அஞ்சல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் முறைகள் இவை. "இவற்றைப் போட்டால் ஸ்பேம் ஒழிந்துவிடும்" என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

எஸ்பிஎஃப் மூன்றில் நோஞ்சான். எந்தெந்த சர்வர் நம் பெயரில் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன்களுக்கான பொது முகவரிப் பதிவேட்டில், பட்டியல் இடுகிறோம். ஆனால் அது பார்ப்பது பின்னணியில் உள்ள திரும்பு முகவரியை. வாசிப்பவர் கண்ணில் படும் அனுப்புநர் வரியை அல்ல. அஞ்சலை வேறொரு பெட்டிக்குத் திருப்பிவிட்டால், அனுப்பும் சர்வர் பட்டியலில் இல்லாததால் சோதனை பெரும்பாலும் தோற்றுவிடும். ஒரு சோதனைக்கு 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பு வேறு.

டிகிம் பரவாயில்லை. அனுப்பும் டொமைன் இடும் டிஜிட்டல் கையொப்பம் அஞ்சலோடு சேர்ந்தே போவதால், வழியில் யாரும் கைவைக்காதவரை செல்லுபடியாகும். அதுவே வினை. ஸ்பேமர் நல்ல பெயருள்ள சேவையிலிருந்து தனக்கே ஓர் அஞ்சல் அனுப்பி, அந்தக் கையொப்பத்தோடு ஆயிரக்கணக்கானோருக்கு மறுபடி அனுப்பலாம்.

என் ஓட்டு டிமார்க்குக்கு. முந்தைய இரண்டில் ஒன்றாவது தேறி, கண்ணில் படும் டொமைனோடும் பொருந்த வேண்டும் என்கிறது. பொருந்தாததை நிராகரிக்கவும் சொல்லலாம். பலர் 'நன்' (none, அதாவது எதுவும் செய்ய வேண்டாம்) என்று வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது வேடிக்கை பார்ப்பதோடு சரி.

இனி, 'வங்கிப் பாதுகாப்புப் பிரிவு' என்ற பெயரில் ஓர் இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து வரும் அஞ்சலைப் பாருங்கள். மூன்றும் பாஸ்! அனுப்பியது உண்மையிலேயே ஜிமெயில்தானே. ஓர் எழுத்து மாற்றி வாங்கிய போலி டொமைனும் அப்படித்தான். மூன்றையும் ஸ்பேமரே ஒழுங்காக அமைத்துவிடுவார். பிப்ரவரி 2024 முதல் நாளுக்கு 5,000 அஞ்சலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்றது கூகுள். கூடவே, ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது என்றும் விதித்தது. சான்று மட்டும் போதாது என்பது அவர்களுக்கே தெரியும்.

குறுஞ்செய்தியில் சிங்கப்பூருக்கு வேறு வழி இருந்தது. 31 ஜனவரி 2023 முதல் பதிவு செய்யாத அனுப்புநர் பெயர்களுக்கு 'லைக்லி ஸ்கேம்' (மோசடியாக இருக்கலாம்) என்ற முத்திரை விழுகிறது. பதிவுக்கு நிறுவனப் பதிவெண் வேண்டும். பெயருக்குப் பின்னால் ஆள் உண்டு. உலகம் முழுவதிலிருந்தும் வரும் மின்னஞ்சலுக்கு அப்படியொரு வாயிற்காவலர் கிடையாது.

ஆகவே கடைக்காரர் டிமார்க்கை 'ரிஜெக்ட்' (நிராகரி) என்ற அமைப்பு வரை கொண்டுபோகட்டும். அவர் டொமைனை வைத்து இன்னொருவர் ஏமாற்றுவது கடினமாகும். அவருடைய பெட்டியில் குவியும் குப்பையைக் குறைக்க, உள்ளடக்கத்தையும் அனுப்புநரின் கடந்தகால நடத்தையையும் எடைபோடும் வடிகட்டிக்குத்தான் காசு போட வேண்டும்.